சொல்லாடல் பகுப்பாய்வு புராஜெக்ட்: நான்கு வழிகளில் எது உங்களுக்கு?

“விமர்சன சொல்லாடல் பகுப்பாய்வு செய்யலாம் என்று இருக்கிறேன். தரவு இன்னும் முடிவாகவில்லை. என்ன எடுக்கலாம்?”

புராஜெக்ட் தொடங்கும் மாணவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி இந்த வடிவத்தில்தான் வருகிறது. ஆள் யாரென்று தெரியாமலே சட்டை தைத்து வைப்பது போன்ற வேலை இது. மீதிப் பாதி இதற்கு நேர் எதிர்: “பத்து நேர்காணல் எடுத்துவிட்டேன், இப்போது எந்த முறையைப் போடுவது?” இருவரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றே. சொல்லாடல் பகுப்பாய்வை, அதாவது பேச்சும் எழுத்தும் எப்படி அமைகின்றன, என்ன செய்கின்றன என்று பார்க்கும் ஆய்வை, ஒரே முறை என்று நினைத்துவிடுகிறார்கள்.

உண்மையில் அந்தப் பெயரில் ஒரு தெருவே இருக்கிறது. 1952இல் அமெரிக்க மொழியியலாளர் ஸெல்லிக் ஹாரிஸ் அந்தப் பெயரைக் கட்டுரைத் தலைப்பாக வைத்தபோது, ஒரு வாக்கியத்தைத் தாண்டியும் மொழியில் ஒழுங்கு இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். அப்புறம் சமூகவியல்காரர்கள், உளவியல்காரர்கள், வரலாற்றுக்காரர்கள் என்று ஒவ்வொருவராகக் குடிவந்து தங்கள் வசதிக்கு வீடு கட்டிக்கொண்டார்கள். வீட்டுக்கு வீடு ‘சொல்லாடல்’ என்ற சொல்லின் பொருளே மாறுகிறது. (சிலர் கருத்தாடல் என்றும் எழுதுவார்கள். உங்கள் துறை புழங்குவதை எடுத்துக்கொண்டு கடைசிவரை மாற்றாமல் இருங்கள், போதும்.)

இளங்கலை, முதுகலை அளவிலான புராஜெக்டுக்குக் கைக்கு எட்டும் வழிகள் நான்கு: உரையாடல் பகுப்பாய்வு, விமர்சன சொல்லாடல் பகுப்பாய்வு, நேர்காணலை வைத்துச் செய்யும் சொல்லாடல் உளவியல், கணினியில் தேடக்கூடிய பெரும் எழுத்துத் தொகுப்பை (கார்பஸ்) வைத்துச் செய்யும் கார்பஸ் வழி. நான்கும் கேட்கும் உழைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். எந்த மாதத்தில் கேட்கும் என்பதில்தான் வேறுபாடு. அது தெரியாமல் இறங்குகிறவர்கள்தான் கடைசி மூன்று வாரம் தூங்காமல் இருக்கிறார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் கேள்வி. பேச்சின் வழியாக மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்கிறீர்களா? ஒரு பனுவல் உலகை எப்படிக் காட்டுகிறது என்றா? ஒருவர் தன் செயலுக்கு எப்படி நியாயம் சொல்கிறார் என்றா? ஆயிரக்கணக்கான பக்கங்களில் எது திரும்பத் திரும்ப வருகிறது என்றா? நான்கு கேள்விகளுக்கும் நான்கு வழிகள். ஒன்றின் கேள்வியை இன்னொன்றின் கருவியால் திறக்க முடியாது.

அடுத்தது தரவு. எங்கோ இருக்கிறது என்பது போதாது. அனுமதியோடு, எழுத்தாகவோ ஒலிப்பதிவாகவோ, எந்தத் தேதிக்குள் உங்கள் கணினிக்கு வந்துசேரும் என்பதுதான் கணக்கு. மனிதர்களைப் பதிவுசெய்வதாக இருந்தால் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அதற்குப் பல வாரங்கள் போகலாம்.

மூன்றாவது, உழைப்பு எப்போது விழும். நான்காவது, முடிவில் எந்த அளவுக்கு உறுதியாக எதைச் சொல்ல முடியும்.

ஐந்தாவதை யாரும் புத்தகத்தில் எழுதுவதில்லை: உங்கள் நெறியாளருக்கு எந்த வீடு பழக்கம்? அவருக்குப் பழகாத முறையை நீங்கள் எடுத்தால், வைவாவில் இரண்டு பேருக்குப் பாடம் நடத்த வேண்டியிருக்கும். முடியாதது இல்லை, ஆனால் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

## உரையாடல் பகுப்பாய்வு

1960களில் அமெரிக்கச் சமூகவியலாளர் ஹார்வி சாக்ஸ், மனநல அவசர உதவி கேட்டு வந்த தொலைபேசி அழைப்புகளின் பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். எடுப்பவர் தன் பெயரைச் சொன்னால் அழைத்தவரும் பெரும்பாலும் தன் பெயரைச் சொல்லிவிடுகிறார். ஒருவர் மட்டும் “நீங்கள் சொல்வது கேட்கவில்லை” என்றார். பெயரைச் சொல்ல வேண்டிய இடம் அத்தோடு நழுவிப் போயிற்று. காது பிரச்சினையா, பெயரை மறைக்கும் வழியா? இவ்வளவு சின்ன இடத்தை இவ்வளவு கவனமாகப் பார்ப்பதுதான் இந்த வழி. 1974இல் சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் மூவரும் யார் எப்போது பேசுவது என்பதற்கான ஒழுங்கை விவரித்து எழுதிய கட்டுரை இன்றும் தொடக்கப் பாடம்.

ஒரு துளி உதாரணம், நானே புனைந்தது:

1 அ: நாளைக்கு வரீங்கள்ல?
2 (0.8)
3 ஆ: அது வந்து... நாளைக்குக் கொஞ்சம்
4 அ: சரி சரி, பரவால்ல

‘இல்லை’ என்ற சொல் எங்குமே வரவில்லை. ஆனாலும் நான்காம் வரியில் அ மறுப்பைப் பெற்றுக்கொண்டுவிட்டார். ஒரு நொடியில் பத்தில் எட்டுப் பங்கு மௌனமும் ஓர் ‘அது வந்து’வும் அந்த வேலையைச் செய்துவிட்டன. இதைப் பார்த்து உங்களுக்குப் பரபரப்பு வந்தால் இந்த வழி உங்களுக்கானது. ‘இதில் என்ன இருக்கிறது’ என்று தோன்றினால் அடுத்த தலைப்புக்குப் போய்விடுங்கள். எந்தத் தப்பும் இல்லை.

உழைப்பு முழுக்க முன்னாலேயே விழுகிறது. கெயில் ஜெஃபர்சன் வகுத்த குறிகளைப் பின்பற்றி எழுத்துப்படி எடுக்க வேண்டும்: மௌனத்துக்கு நொடிக்கணக்கு, இருவர் சேர்ந்து பேசும் இடத்துக்குச் சதுர அடைப்பு, இழுத்துச் சொன்னால் முக்காற்புள்ளி, தணிந்த குரலில் சொன்னால் இருபுறமும் சிறு வட்டம். ஒரு மணி நேரப் பேச்சுக்கு இருபது மணி நேரம் ஒதுக்கினால் ஏமாற மாட்டீர்கள். அதனால் மொத்தப் பதிவையும் இப்படி எழுத வேண்டாம். முழுவதையும் கேட்டுவிட்டு, ஒரே நிகழ்வு திரும்ப வரும் இடங்களை மட்டும் நுணுக்கமாக எழுதினால் போதும்.

தமிழில் செய்கிறவர்களுக்கு மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. நம் கை தன்னாலேயே ‘திருத்தி’ எழுதிவிடும். “வந்துட்டிருக்கேன்” என்று காதில் விழும்; திரையில் “வந்துகொண்டிருக்கிறேன்” என்று இருக்கும். அந்தக் கணமே தரவு போயிற்று. பேச்சு வழக்கை அப்படியே எழுதுவதற்கென்று ஒரே சீரான விதிகளை முதல் நாளே வகுத்து, பின்னிணைப்பில் சேர்த்துவிடுங்கள். ஆய்வேடு ஆங்கிலத்தில் என்றால் ஒவ்வொரு வரிக்கும் கீழே சொல்லுக்குச் சொல் பொருளும் அதற்குக் கீழே மொழிபெயர்ப்பும் வர வேண்டும். பக்கக் கணக்கு மூன்று மடங்காகிவிடும்.

முடிவில் சொல்லக்கூடியது சின்னது, ஆனால் கெட்டியானது. ‘இதில் அதிகாரம் செயல்படுகிறது’ என்று வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்ட இந்த வழி விடாது. பேசுகிறவர்களே அதைப் பொருட்படுத்துவது பேச்சில் தெரிய வேண்டும் என்று 1997இல் ஷெக்லாஃப் வாதிட்டார். அடுத்த ஆண்டு வெதரெல்லும் 1999இல் பில்லிக்கும் பதில் எழுதினார்கள். முறையியல் அத்தியாயத்தில் என்ன எழுதுவதென்று தெரியாதவர்கள் இந்தச் சண்டையைப் படித்தால் இரண்டு பக்கம் தானாக வரும்.

## விமர்சன சொல்லாடல் பகுப்பாய்வு

பனுவல்களில் அதிகாரமும் சார்பும் எப்படி ஒளிந்திருக்கின்றன என்று பார்க்கும் வழி இது. மாணவர்கள் அதிகம் விரும்புவதும் இதைத்தான். காரணம் எளிது: தரவு உடனே கிடைக்கிறது. தலையங்கங்கள், அரசு அறிக்கைகள், விளம்பரங்கள், சட்டமன்ற உரைகள். பதிவு வேண்டாம், பெரும்பாலும் எழுத்துப்படியும் வேண்டாம்.

ஒரே குரலில் பேசும் கூட்டம் இல்லை இது. நார்மன் ஃபேர்கிளஃப் பனுவல், அது உருவாகிப் புழங்கும் நடைமுறை, சமூக நடைமுறை என்று மூன்று அடுக்குகளாகப் பார்ப்பார். ரூத் வோடாக் வரலாற்றுப் பின்னணியைச் சேர்ப்பார். வான் டைக் நடுவில் மனித அறிவாற்றலை வைப்பார். ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூவரையும் ஒரே பத்தியில் மேற்கோள் காட்டிவிட்டு யாரையும் பின்பற்றாத ஆய்வேடுகள் ஏராளம்.

கருவிகளை ஆங்கிலப் பாடநூலிலிருந்து அப்படியே தூக்கிவந்தால் தமிழில் பாதி வேலை செய்யாது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். செய்தவரை மறைக்கச் செயப்பாட்டு வினை உதவுகிறது என்று பாடநூல் சொல்லும். “கட்டணம் உயர்த்தப்பட்டது” என்பதைக் கண்டுபிடித்து நீங்களும் மகிழ்வீர்கள். ஆனால் தமிழில் அதைவிடத் திறமையாக மறைக்கும் வழி இருக்கிறது: “கட்டணம் உயர்ந்தது.” உயர்ந்தது–உயர்த்தியது, உடைந்தது–உடைத்தது, குறைந்தது–குறைத்தது என்று தன்வினையும் பிறவினையும் நம் மொழியில் ஜோடிகளாகவே கிடக்கின்றன. தன்வினையைப் போட்டுவிட்டால் உயர்த்தியவர் ஒருவர் உண்டு என்ற நினைவே வராது. அதேபோல் எழுவாய் இல்லாமலே “வெட்டினார்கள்” என்று எழுதிவிட்டுப் போகலாம். யார் என்ற கேள்வி தொங்கிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் ‘நாம்’, ‘நாங்கள்’. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக மங்கிக் கிடக்கும் வேறுபாட்டைத் தமிழ் ஒவ்வொரு முறையும் முடிவுசெய்யச் சொல்கிறது. “நாங்கள் இந்த முடிவை எடுத்தோம், நாம் சிக்கனமாக இருக்க வேண்டும்” என்று ஓர் அறிக்கையில் வந்தால், முடிவு அவர்களுடையது, சுமை எல்லாருக்கும். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் பத்து அறிக்கைகளில் பின்தொடர்ந்தாலே ஒரு நல்ல அத்தியாயம் கிடைக்கும்.

இந்த வழி தன் கூலியைக் கடைசியில்தான் கேட்கும். “ஏன் இந்த எட்டுத் தலையங்கங்கள்? ஒன்பதாவதில் உங்கள் வாதத்துக்கு எதிராக ஏதாவது இருந்ததா?” என்று தேர்வாளர் கேட்பார். தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கியெடுத்து முன்முடிவை நிரூபிக்கிறார்கள் என்று மொழியியலாளர் விடோசன் 1990களிலேயே இந்தப் பள்ளியை விமர்சித்தார். அதனால் தேர்வு விதியை (எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தச் சொல் வந்தால் சேர்ப்பது) படிக்கத் தொடங்கும் முன்பே எழுதிவையுங்கள். இரண்டாவது மறைசெலவு, ஃபேர்கிளஃபின் நடு அடுக்கு. யார் எழுதினார்கள், யார் திருத்தினார்கள், வாசகர் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? பனுவலை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. பலர் அரைப் பக்கத்தில் தாண்டிவிடுகிறார்கள், மதிப்பெண் அங்கேதான் போகிறது.

சமூக ஊடகப் பதிவுகளை எடுத்தால் ஒரு எச்சரிக்கை. பெயரை நீக்கிவிட்டாலும் வாக்கியத்தை அப்படியே மேற்கோள் காட்டினால் தேடுபொறி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பொதுவெளியில் இருப்பதெல்லாம் அனுமதி வேண்டாத தரவு என்று உங்கள் நெறிமுறைக் குழு ஒப்புக்கொள்ளும் என்று நம்பி இறங்காதீர்கள்.

## நேர்காணலும் சொல்லாடல் உளவியலும்

1987இல் ஜோனதன் பாட்டரும் மார்கரெட் வெதரெல்லும் சமூக உளவியலுக்கு ஒரு மாற்றுவழி சொன்னார்கள்: மனப்பான்மையை மனதுக்குள் தேடாமல் பேச்சில் பாருங்கள். ஒரே மனிதர் பத்தாம் நிமிடத்தில் ஒன்றும் முப்பதாம் நிமிடத்தில் அதற்கு எதிரானதும் சொல்வார். கருத்துக்கணிப்புக்காரருக்கு அது தொல்லை. இங்கே அதுதான் தரவு. எந்த வேலைக்காக அங்கே அப்படிச் சொன்னார், இங்கே ஏன் இப்படி? மக்கள் திரும்பத் திரும்ப எடுத்தாளும் சொல்முறைத் தொகுப்புகளை அடையாளம் காண்பது இதன் மையம்.

நேர்காணல் எளிது என்று நினைத்துத்தான் பலர் இதற்கு வருகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். என் முதுகலை ஆய்வில் எழுத்துப்படி எடுத்தபோது என் கேள்விகளைச் சுருக்கி, என் ‘ம்... ஆமாமா’வை எல்லாம் அழித்து, மற்றவர் பேச்சைத் ‘தூய்மையாக’ வைத்திருந்தேன். பிறகு பார்த்தால், அவர் பேச்சு திசைமாறிய ஒவ்வொரு இடத்திலும் என் ‘ஆமாமா’ ஒன்று இருந்திருக்கிறது. மறுபடி எல்லாவற்றையும் கேட்டு எழுத வேண்டியதாயிற்று. நேர்காணல் என்பது இரண்டு பேர் சேர்ந்து செய்வது, கேட்பவரை நீக்கிவிட்டுப் பகுத்தால் பாதியைத் தூக்கிப் போட்டதாகிவிடும் என்று பாட்டரும் ஹெப்பர்னும் 2005இலேயே விரிவாக எழுதியிருந்தார்கள். நான் பிந்தித்தான் படித்தேன்.

இன்னொரு மறைசெலவு, வழுக்கல். எழுதிக்கொண்டே போகும்போது ‘குடும்பம்’, ‘பணம்’, ‘பயம்’ என்று தலைப்பு வைத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே மூன்று மேற்கோள் அடுக்கியிருப்பீர்கள். அது கருப்பொருள் பகுப்பாய்வு. பிரௌனும் கிளார்க்கும் 2006இல் தெளிவாக வகுத்துத் தந்த நல்ல முறைதான், ஆனால் நீங்கள் வாக்களித்தது வேறு. ஒருவேளை உங்கள் கேள்விக்கு அதுதான் பொருத்தம் என்றால் வெட்கப்படாமல் பெயரை மாற்றிவிடுங்கள். மக்கள் என்ன அனுபவித்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் சொல்லாடல் பகுப்பாய்வே தேவையில்லை.

எண்ணிக்கையும் இங்கே சிக்கனம்தான். ஆழமாகப் பகுக்கப்பட்ட ஐந்து நேர்காணல், மேலோட்டமான பதினைந்தை எப்போதும் வெல்லும்.

## கார்பஸ் வழி

சில நூறு கட்டுரைகளோ ஆயிரக்கணக்கான பதிவுகளோ கையில் இருந்தால், கண்ணால் படித்து முடிக்க முடியாது. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது, எது எதிர்பார்ப்பைவிட அதிகம் வருகிறது என்று கணினி காட்டும். லாரன்ஸ் ஆந்தனி உருவாக்கிய ஆன்ட்கான்க் என்ற மென்பொருள் இலவசம். பொறுக்கியெடுத்தீர்கள் என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

ஆனால் தமிழ்த் தரவு என்றால் முதல் ஒரு மாதம் துப்புரவு வேலைதான். யுனிகோடு வரும் முன் பழைய எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புகள் குப்பையாகத் திறக்கும். பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறி வரும். சரி, அதையெல்லாம் சீர்செய்தாயிற்று என்று வையுங்கள். கணினிக்கு ‘பள்ளி’, ‘பள்ளியில்’, ‘பள்ளிக்கு’ மூன்றும் மூன்று சொற்கள். ஒற்று மிகுவதால் ‘பள்ளியை’யும் ‘பள்ளியைப்’பும்கூட வேறு வேறு. ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தை’ கிடைக்காது. ‘மர’ என்று தொடங்குவதையெல்லாம் கேட்டால் மரபும் மரணமும் சேர்ந்து வந்து நிற்கும். ஆங்கிலத்தில் ஒரு சொடுக்கில் முடியும் எண்ணிக்கைக்கு இங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் தேடல் வடிவம் எழுத வேண்டும். முடியும், ஆனால் கால அட்டவணையில் இருக்க வேண்டும். ஒப்பிடுவதற்குப் பொதுவான பெருந்தொகுப்பு கிடைக்காவிட்டால் உங்கள் தரவையே இரண்டாகப் பிரித்து (முந்தைய காலம்–பிந்தைய காலம், ஒரு ஏடு–மற்றொரு ஏடு) ஒன்றோடொன்று ஒப்பிடலாம்.

எண் வந்ததும் ஆய்வு முடிந்துவிட்டதாகத் தோன்றும். அப்போதுதான் அந்தச் சொல் வரும் வரிகளை வரிசையாகப் படிக்கும் வேலை தொடங்குகிறது.

## ஃபூக்கோ?

கேட்பீர்கள் என்று தெரியும். 1969இல் அந்தப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் முன்வைத்த ‘தொல்லியல்’ பார்வை (அறிவும் சொல்லாடலும் எந்த விதிகளில் உருவாயின என்று வரலாற்றில் தோண்டுவது) படிமுறைக் கையேடு அல்ல. உளவியல் மாணவர்களுக்குக் கார்லா வில்லிக் ஆறு படிகளாகப் பிரித்துத் தந்திருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு செய்யலாம். உழைப்பு முழுக்க வாசிப்பில் போகும். ஒரு பருவத்துக்குள் முடிக்க வேண்டியவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

## பக்கத்தில் பக்கமாக

| | உரையாடல் பகுப்பாய்வு | விமர்சன வழி | சொல்லாடல் உளவியல் | கார்பஸ் வழி |
|---|---|---|---|---|
| தரவு | இயல்பான பேச்சின் பதிவு | வெளியான பனுவல்கள் | நேர்காணல், குழு உரையாடல், இயல்பான பேச்சும் | பெருந்தொகை எழுத்து |
| போதுமான அளவு | சில மணி நேரப் பதிவு, அதில் நுணுக்கமாக 15–20 நிமிடம் | 5–12 பனுவல் | 5–8 நேர்காணல் | சில நூறு கோப்புகள் முதல் |
| உழைப்பு விழும் காலம் | தொடக்கம் | கடைசி | நடுவில் | தொடக்கம், பிறகு மீண்டும் நடுவில் |
| ஒப்புதல் சிக்கல் | அதிகம் | குறைவு, சமூக ஊடகம் தவிர | அதிகம் | காப்புரிமை, தனியுரிமை |
| வழக்கமான சறுக்கல் | எழுத்துப்படியிலேயே நின்றுவிடுவது | முன்முடிவு | கருப்பொருள் பட்டியலாவது | எண்ணே முடிவாவது |
| யாருக்கு ஆகாது | பெரிய சமூகக் கேள்வி உள்ளவருக்கு | மனிதர்களின் நேரடிப் பேச்சு வேண்டுபவருக்கு | ‘உண்மையில் என்ன நடந்தது’ என்று தேடுபவருக்கு | கோப்பு, தேடல் வடிவம் என்றாலே அலுப்பவருக்கு |

அளவுகள் என் அனுபவக் கணக்கு. உங்கள் துறையின் சொல்வரம்பைப் பொறுத்துக் கூட்டிக் குறைக்கலாம்.

கலந்து செய்யலாமா? கார்பஸும் விமர்சன வழியும் நன்றாகப் பொருந்தும். பால் பேக்கரும் கூட்டாளிகளும் 2008இல் காட்டியதுபோல, எண்கள் எந்தப் பனுவலை ஊன்றிப் படிப்பது என்று சொல்லும், வாசிப்பு எண்ணுக்குப் பொருள் தரும். உரையாடல் பகுப்பாய்வையும் விமர்சன வழியையும் முதல் புராஜெக்டிலேயே கலக்காதீர்கள். மேலே சொன்ன சண்டை உங்கள் ஆய்வேட்டுக்குள்ளேயே நடக்கும்.

## எழுதும்போது

எந்த வழியானாலும் அடி விழும் இடம் பகுப்பாய்வு அத்தியாயம். அன்டாக்கி, பில்லிக், எட்வர்ட்ஸ், பாட்டர் நால்வரும் 2003இல் பகுப்பாய்வு போலத் தெரிந்தும் பகுப்பாய்வு ஆகாதவற்றை ஆறாகப் பட்டியலிட்டார்கள்: தரவைச் சுருக்கித் திரும்பச் சொல்வது, ஒரு பக்கம் சேர்ந்துகொள்வது, மேற்கோளைக் குவிப்பது அல்லது தனியாக நிறுத்துவது, ‘இவர் இப்படிப் பேசக் காரணம் இந்தச் சொல்லாடல், அந்தச் சொல்லாடல் இருப்பதற்குச் சான்று இவர் பேச்சு’ என்று வட்டமடிப்பது, சிலரை வைத்து எல்லாரையும் பற்றிப் பேசுவது, இதோ உருவகம், இதோ அழுத்தம் என்று அம்சங்களை அடையாளம் காட்டுவதோடு நிற்பது. முதல் வரைவை எழுதி முடித்ததும் இந்த ஆறையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிவப்பு மையால் குறித்துப் பாருங்கள். பக்கம் சிவந்துவிடும், எல்லாருக்கும் அப்படித்தான்.

என் கணக்கு: மேற்கோள் ஐந்து வரி என்றால் அதைப் பற்றிய பேச்சு குறைந்தது பத்து வரி. வரி எண் சொல்லாமல் எந்தக் கூற்றும் வேண்டாம். மொத்தச் சொல்வரம்பில் பாதிக்குக் குறையாமல் பகுப்பாய்வுக்கு விடுங்கள். அதை முதலில் எழுதி, முறையியலை அடுத்து, முன்னுரையைக் கடைசியில்.

இன்னும் முடிவுக்கு வர முடியவில்லையா? கிடைக்கக்கூடிய தரவிலிருந்து ஒரே ஒரு பக்கம் எடுங்கள், அல்லது இரண்டு நிமிட ஒலிப்பதிவு. ஒரு மணி நேரம் எந்தப் புத்தகமும் திறக்காமல், கண்ணில் படுவதையெல்லாம் ஓரத்தில் எழுதுங்கள். மௌனங்களையும் தடுமாற்றங்களையும் குறித்திருந்தால் முதல் வழி. யார் விடுபட்டார்கள் என்று குறித்திருந்தால் இரண்டாவது. ‘இப்படிச் சொல்லிவிட்டு ஏன் அப்படிச் சொல்கிறார்’ என்றால் மூன்றாவது. ‘இது மற்ற இடங்களிலும் இப்படித்தானா’ என்றால் நான்காவது. கிறுக்கிய அந்தப் பக்கத்தோடு நெறியாளரைப் பாருங்கள். தலைப்பை அவர் முன்னால் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.